அரிய லிம்போமாவும் மருத்துவ ஆய்வும்: சம்மாந்துறைத் தம்பிக்கு ஒரு பதில்

சம்மாந்துறையில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய வாப்பாவுக்கு 57 வயது, வயல் செய்கிறவர், சீனி வருத்தமும் உண்டு. கழுத்தில் நெறி கட்டியதும் காசநோயாக இருக்குமோ என்று பார்த்திருக்கிறார்கள். பிறகு பயொப்சி, அதாவது சதைப் பரிசோதனை, எடுத்ததில் 'பெரிஃபெரல் டி-செல் லிம்போமா' என்று வந்திருக்கிறது, டி-செல் என்ற வெள்ளை இரத்த அணுவில் உண்டாகும் ஓர் அரிய நிணநீர்ப் புற்றுநோய். மட்டக்களப்பில் சொப் என்ற கூட்டு மருந்துக் கீமோ ஆறு தரம் ஏற்றி நோய் அடங்கி, சில மாதத்தில் நெறி திரும்பவும் தலைகாட்டியிருக்கிறது. அவர் கேட்பது நான்கு விஷயம். இலங்கையில் இதற்கு மருத்துவ ஆய்வு, அதாவது புது மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வு, ஏதாவது நடக்கிறதா? இந்தியாவில் புதிதாக வந்திருக்கும் கார்-டி சிகிச்சைக்கு வாப்பாவைக் கொண்டு போகலாமா? "அவரைச் சோதனை எலியாக்கப் போறீங்களா" என்று மாமா சண்டை பிடிக்கிறார், அவருக்கு என்ன சொல்வது? கடைசியாக, ஆய்வில் இடம் பிடித்துத் தருகிறேன், முற்பணம் போடுங்கள் என்று தொலைபேசியில் ஒருவர் பேசுகிறார், நம்பலாமா?

தம்பி, கடைசிக் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். ஒரு சதமும் போட வேண்டாம். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நான் சில வருடம் மருத்துவ ஆய்வு ஒருங்கிணைப்பு வேலையில் இருந்தவன், வைத்தியர் அல்ல. அதனால் எந்த மருந்து வாப்பாவுக்குச் சரி என்று சொல்ல மாட்டேன். ஓர் ஆய்வுக்கு ஆளை எடுக்கிறவர்கள் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து எதைப் பார்க்கிறார்கள், எதற்காக ஒருவரை வேண்டாம் என்கிறார்கள் என்பது தெரியும். அதைச் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முதல் காலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாப்பாவுக்கு அடுத்த சுற்று மருந்து ஏற்றத் தொடங்குவதற்கு முன்பே ஆய்வு பற்றிக் கேளுங்கள். நம்மிடம் ஒரு பழக்கம் உண்டு. கையில் இருக்கும் மருந்தையெல்லாம் கொடுத்துப் பார்ப்போம், ஒன்றும் சரிவராவிட்டால் ஆய்வைப் பார்ப்போம் என்று நினைப்போம். ஆய்வின் விதிகள் அப்படி எழுதப்படுவதில்லை. பல ஆய்வுகளில் 'இதற்கு முன் ஒரு சிகிச்சை பெற்றவர்' அல்லது 'இரண்டுக்கு மேல் பெறாதவர்' என்று வரம்பு இருக்கும். ஒரு மருந்தை ஏற்றி முடித்தால் அது உடம்பில் இருந்து கழிய இரண்டு முதல் நான்கு வாரம் காத்திருக்கவும் சொல்வார்கள். திரும்பி வந்த டி-செல் லிம்போமாவுக்கு நான்கு வாரம் பெரிய காலம். ஆகவே அடுத்த கிளினிக்கில் கேட்க வேண்டியது, "டொக்டர், அடுத்த மருந்து தொடங்குமுன் ஆய்வு ஏதும் தேடிப் பார்க்க எத்தனை நாள் அவகாசம் இருக்கிறது?" என்ற ஒரே கேள்வி. நோய் வேகமாக ஏறுகிறது, நாளைக்கே தொடங்க வேண்டும் என்று அவர் சொன்னால் தொடங்குங்கள். ஆய்வைத் தேடுகிறோம் என்று சிகிச்சையை இழுத்தடிப்பது அதைவிடப் பெரிய பிழை.

இனி, காகிதங்கள். தேடுகிறவர்கள் எல்லாரும் போனில் தான் தொடங்குகிறார்கள். ஆனால் ஆய்வுக் குழுவுக்கு நீங்கள் எழுதியதும் அவர்கள் முதலில் கேட்பது பயொப்சி ரிப்போர்ட்டைத் தான். அதில் 'பெரிஃபெரல் டி-செல் லிம்போமா' என்று மட்டும் இருந்தால் போதாது. அந்தப் பெயருக்குக் கீழே ஒரு குடும்பமே இருக்கிறது: ஆஞ்சியோஇம்யூனோபிளாஸ்டிக் வகை, அனாபிளாஸ்டிக் பெரிய செல் வகை, அதிலேயே ஏஎல்கே என்ற புரதம் உள்ளது, இல்லாதது, எதிலும் அடங்காதது என்று. மூக்குப் பக்கம் வரும் என்கே/டி வகை தனி. ஒவ்வொன்றுக்கும் ஆய்வும் வேறு, மருந்தும் வேறு. இதைப் பிரித்துச் சொல்வது இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி என்ற சாயப் பரிசோதனை. ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் சீடி3, சீடி4, சீடி10, சீடி20, சீடி30, ஏஎல்கே, கேஐ-67 என்று செல்லில் உள்ள அடையாளங்களின் பெயரை வரிசையாக எழுதி, பக்கத்தில் பொசிட்டிவ், நெகட்டிவ் அல்லது வீதம் போட்டிருப்பார்கள். ஊசியால் உறிஞ்சி எடுத்த பரிசோதனை மட்டும் செய்திருந்தால் இந்த வரிசை பெரும்பாலும் முழுமையாக இருக்காது. நெறியை முழுதாக வெட்டி எடுத்த பயொப்சியே வேண்டும்.

அப்புறம் அந்த மெழுகுக் கட்டி. பயொப்சியில் எடுத்த சதையைப் பாரஃபின் மெழுகில் பதித்து, சின்ன பிளாஸ்டிக் தட்டில் ஒட்டி, இலக்கம் எழுதி நோயியல் பிரிவில் வைத்திருப்பார்கள். 'புளொக்' என்று கேட்டால் போதும். இன்னொரு இடத்தில் இரண்டாம் கருத்துக் கேட்கவும், ஆய்வுக்கு அனுப்பவும் இது வேண்டும். அரிய லிம்போமாக்களில் இரண்டாவது நோயியல் நிபுணர் பார்த்ததும் வகைப் பெயர் மாறுவது புதினமில்லை. வைத்தியரின் கடிதத்தோடு போய்க் கையொப்பம் வைத்து வாங்குங்கள், ஒரு தொகுதி கண்ணாடித் தகடும் சேர்த்து. பொதியில் இலக்கம் ரிப்போர்ட்டில் உள்ள இலக்கத்தோடு ஒத்துப்போகிறதா என்று அந்த இடத்திலேயே பாருங்கள். கொண்டுபோகும்போது வானின் டாஷ்போர்டில் வைக்க வேண்டாம். அம்பாறை வெயிலில் மூடிய வாகனத்துக்குள் மெழுகு இளகும், உள்ளே இருப்பது திரும்ப எடுக்க முடியாத சதை.

ஸ்கேனுக்கும் இதே கதை. படத்தையும் எழுத்து ரிப்போர்ட்டையும் மட்டும் வாங்கி வருகிறார்கள். ஸ்கேன் படங்களுக்கான டைக்கொம் என்ற கணினிக் கோப்பாக ஓர் இறுவட்டில் பதிந்து தரும்படி கேளுங்கள். நெறி எத்தனை மில்லிமீற்றர் என்பதை ஆய்வுக் குழு தானே அளந்து பார்க்கும். பல ஆய்வுகளுக்கு ஒன்றரை சென்றிமீற்றருக்கு மேல் அளக்கக்கூடிய ஒரு நெறியாவது இருக்க வேண்டும். பெட் ஸ்கேன் கேட்டால் மஹரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலையில் உண்டு. பொதுமக்கள் சேர்த்துக் கொடுத்த பணத்தில் வந்த இயந்திரம் அது, நம் நாட்டில் பெருமையாகச் சொல்லக்கூடிய சில கதைகளில் ஒன்று.

நோய் திரும்பிவிட்டது என்று முடிவெடுக்குமுன் நம் பக்கத்துக்கே உரிய ஒரு விஷயத்தையும் கேட்க வேண்டும். மெலியோய்டோசிஸ் என்ற தொற்று மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இருக்கிறது. சேற்று மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் கிருமி. வயலில் இறங்குகிறவர்களுக்கும் சீனி வருத்தக்காரருக்கும் வருவது அதிகம். காய்ச்சல், மெலிவு, நெறி வீக்கம் எல்லாம் அதிலும் வரும், காசநோய் போலவும் தெரியும். வாப்பா இரண்டு வகையிலும் பொருந்துகிறார், அதற்கு மேல் கீமோவும் ஏற்றியிருக்கிறார். காய்ச்சல் இருந்தால் இரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் இரத்தக் கல்ச்சர் செய்தார்களா என்று கேளுங்கள். திரும்ப வந்த நெறியில் இருந்து புதிதாக ஒரு பயொப்சி எடுப்பார்களா என்றும் கேளுங்கள். ஆய்வுகள் பலவற்றில் புதிய பயொப்சி கட்டாயம். உடம்பில் தொற்று ஓடிக்கொண்டிருக்கிற ஒருவரை எந்த ஆய்விலும் எடுக்கவும் மாட்டார்கள்.

சரி, இலங்கையில் ஆய்வு உண்டா என்ற கேள்விக்கு வருவோம். இலங்கை மருத்துவச் சங்கம் 2006 இல் ஒரு மருத்துவ ஆய்வுப் பதிவேட்டைத் தொடங்கியது. உலக சுகாதார நிறுவனத்தின் முதன்மைப் பதிவேடுகளில் அதுவும் ஒன்று, இலவசமாகப் பார்க்கலாம். அங்கே லிம்போமா என்று தேடிப் பாருங்கள், ஆனால் பெரிய எதிர்பார்ப்போடு போக வேண்டாம். அரிய லிம்போமாவுக்கான புது மருந்து ஆய்வுகள் பெரிய நாடுகளில் தான் மையம் கொள்கின்றன. இந்தியாவின் பதிவேடு 2007 இல் தொடங்கி, 2009 ஜூனில் இருந்து கட்டாயமாக்கப்பட்டது. அங்கே ஆய்வு நடத்துகிறவர்கள் முதல் நோயாளியைச் சேர்க்குமுன் அதில் பதிந்தாக வேண்டும். நமக்கு மிகப் பயன்படுவது அது தான். ஒவ்வொரு ஆய்வுக்கும் எந்தெந்த வைத்தியசாலை, பொறுப்பான வைத்தியர் யார், தொடர்பு இலக்கம் என்ன, ஆய்வு நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்துவிட்டதா என்பதெல்லாம் அதில் இருக்கும். மூன்றாவது, அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் கிளினிக்கல்ட்ரையல்ஸ்.கவ். பெயர் அமெரிக்காவுடையது என்றாலும் உலகமெங்கும் நடக்கும் ஆய்வுகள் அதில் உண்டு, நாட்டைத் தெரிவு செய்து தேடலாம்.

தேடும்போது ரிப்போர்ட்டில் உள்ள நீளப் பெயரை மட்டும் போட்டால் ஒன்றோ இரண்டோ தான் வரும், மனம் விட்டுப்போகும். டி-செல் லிம்போமா என்று போடுங்கள், பிறகு அதை உள்ளடக்கும் பெரிய பிரிவான நொன்-ஹொட்ஜ்கின் லிம்போமா என்று, பிறகு இரத்தப் புற்றுநோய்கள் என்று பொதுவாகவும் போடுங்கள். அரிய நோய்க்காரரைத் தனியாகச் சேர்க்க ஆள் போதாது என்பதால் பல வகைகளை ஒரே ஆய்வில் சேர்த்துக் கொள்வார்கள். அந்த ஆய்வின் தலைப்பில் வாப்பாவின் நோய்ப் பெயரே இருக்காது, உள்ளே தகுதிப் பட்டியலில் இருக்கும்.

நிலை என்ற கட்டத்தையும் கவனியுங்கள். 'ரெக்ரூட்டிங்' என்றால் ஆள் எடுக்கிறார்கள். 'நொட் யெட் ரெக்ரூட்டிங்' என்றால் இனித் தான் எடுப்பார்கள், எழுதி வைக்கலாம். 'அக்டிவ், நொட் ரெக்ரூட்டிங்' என்பதைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள். ஆய்வு நடக்கிறது, ஆனால் ஆள் எடுத்து முடிந்துவிட்டது என்பது அதன் பொருள். கடைசியாகத் தகவல் எப்போது புதுப்பிக்கப்பட்டது என்பதையும் பாருங்கள். வருடக்கணக்காக யாரும் தொடாத பதிவு என்றால் அதற்கு மினக்கெட வேண்டாம்.

தகுதிப் பட்டியல் நீளமாக இருக்கும், பயந்துவிட வேண்டாம். சிறுநீரகம், ஈரல், இரத்த எண்ணிக்கை, ஹெப்படைடிஸ் பி, எச்ஐவி என்று பரிசோதனையால் முடிவாகும் பகுதியை அவர்களே பார்ப்பார்கள். நீங்கள் வீட்டிலேயே பார்க்கக்கூடியது, ஆள் எவ்வளவு நடமாடுகிறார் என்பதை அளக்கும் ஈகொக் என்ற அளவுகோல். 0 என்றால் முன்பு போலவே எல்லா வேலையும் செய்கிறார். 1 என்றால் மண்வெட்டி பிடித்து வரம்பு கட்ட முடியாது, ஆனால் பள்ளிக்கு நடந்து போய்த் தொழுதுவிட்டு வருகிறார், கடையில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறார். 2 என்றால் வேலை ஒன்றும் முடியாது, ஆனாலும் தானே குளித்து உடுத்துகிறார், பகலில் பாதிக்கு மேல் படுக்கையில் இல்லை. 3 என்றால் பாதிக்கு மேல் படுக்கை. பெரும்பாலான ஆய்வுகள் 0, 1 உள்ளவரை எடுக்கும், சில 2 வரைக்கும் போகும். வாப்பா இப்போது 1 இல் இருந்தால் அது 2, 3 ஆகிற வரைக்கும் காத்திருக்கக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். அவரிடம் கேட்டால் 'நல்லாத்தான் இருக்கிறன்' என்பார், உம்மாவிடம் கேளுங்கள்.

இன்னொன்று, குடிக்கிற மருந்தெல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். சீனிக் குளிசை, பிரஷர் குளிசை மட்டுமல்ல. கருஞ்சீரக எண்ணெய், கசாயம், பரிசாரியார் கொடுத்த சூரணம், யாரோ வெளிநாட்டில் இருந்து அனுப்பிய சத்து மாத்திரை எல்லாம். சில மூலிகைகள் ஈரலில் மருந்து கரையும் வேகத்தை மாற்றிவிடும். மறைத்தால் பாதிப்பு வாப்பாவுக்குத் தான். ஸ்டீரொயிட் எவ்வளவு எடுக்கிறார் என்பதற்கும் வரம்பு வைத்திருப்பார்கள்.

இப்போது கார்-டி. இந்தியாவில் 2023 ஒக்டோபரில் நெக்ஸ்கார்19 என்ற சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது. பம்பாய் ஐஐடியும் டாட்டா நினைவு மையமும் சேர்ந்து வளர்த்தது. மேற்கு நாட்டு விலையோடு பார்த்தால் மிகக் குறைவு என்பதால் செய்தி நம் ஊர் வரைக்கும் வந்துவிட்டது, வாட்சப்பில் சுற்றுகிறது. அந்தச் செய்தியில் விடுபடுவது ஒன்று தான்: அது வாப்பாவின் நோய்க்கானது அல்ல. நோயாளியின் சொந்த டி-செல்லை எடுத்து, சீடி19 என்ற அடையாளம் உள்ள செல்லைத் தேடிக் கொல்லும்படி மாற்றி, திரும்ப உடம்பில் ஏற்றுகிறார்கள். சீடி19 இருப்பது பி-செல்லில். வாப்பாவின் புற்றுநோய் டி-செல்லில் இருந்து வந்தது, அதில் அந்த அடையாளம் இல்லை.

டி-செல் லிம்போமாவுக்கே கார்-டி செய்ய முயல்கிறார்கள், ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. கொல்ல அனுப்புவதும் டி-செல், கொல்லப்பட வேண்டியதும் டி-செல். இரண்டிலும் ஒரே அடையாளம் இருப்பதால் மாற்றிய செல்கள் ஒன்றையொன்று தின்றுவிடும். மிஞ்சினாலும் உடம்பின் நல்ல டி-செல்லையும் சேர்த்து அழித்தால் நோயாளி தொற்றில் போய்விடுவார். சீடி5, சீடி7, சீடி30 போன்ற அடையாளங்களை வைத்து இதைச் சமாளிக்க ஆய்வுகள் நடக்கின்றன. அவை இன்னும் ஆய்வுகளே, காசு கட்டி வாங்கக்கூடிய சிகிச்சை அல்ல. ஆகவே யாராவது 'லிம்போமாவுக்குக் கார்-டி செய்கிறோம், வாருங்கள்' என்றால், ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்களா, பாராமல் சொல்கிறார்களா என்று கவனியுங்கள்.

மாமாவின் கேள்வியை நான் தட்டிக் கழிக்க மாட்டேன், நியாயமான கேள்வி. அவருக்கு இரண்டு ஆய்வின் கதையைச் சொல்லுங்கள்.

முதலாவது எஷலொன்-2. சீடி30 உள்ள டி-செல் லிம்போமாக்காரர், புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவர், 452 பேர், 17 நாடுகளில் இருந்து. அரிய நோய் என்பதால் இத்தனை நாடு தேவைப்பட்டது. ஒரு பாதிக்கு வழமையான சொப், மறு பாதிக்கு அதில் வின்கிறிஸ்ரினை எடுத்துவிட்டு சீடி30 உள்ள செல்லைத் தேடித் தாக்கும் பிரென்டுக்சிமாப் வெடோட்டின் என்ற மருந்து. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. அதற்காக இரண்டு பக்கத்தாருக்கும் மற்ற மருந்தின் போலி ஊசி ஒன்றும் போட்டார்கள். போலி மருந்து என்றதும் நம் ஆட்கள் பயப்படுவது, சிகிச்சையே இல்லாமல் விட்டுவிடுவார்கள் என்று. இங்கே ஒருவரும் சிகிச்சை இல்லாமல் இருக்கவில்லை, போலி ஊசி மறைப்பதற்கு மட்டும். புது மருந்துப் பக்கம் வென்றது. அமெரிக்காவில் 2018 நவம்பரிலேயே அனுமதி கிடைத்தது. 5 வருடத்தின் பின் பார்த்தபோது அந்தப் பக்கம் சுமார் 70 வீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், சொப் பக்கம் 61 வீதம். இதில் சேர்ந்தவர்களில் பெரும்பாலானோர் அனாபிளாஸ்டிக் வகைக்காரர், ஆகவே மற்ற வகைக்காரர் இந்த எண்ணை அப்படியே தங்களுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டாவது, சொப்போடு ரொமிடெப்சின் என்ற மருந்தைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு. 421 பேர். அந்த மருந்து திரும்பி வந்த நோய்க்கு ஏற்கெனவே பாவனையில் இருந்தது, சேர்த்தால் நன்றாக இருக்கும் என்று எல்லாரும் நினைத்தார்கள். நோய் திரும்பாமல் இருந்த காலம் சொல்லும்படியாகக் கூடவில்லை, பக்கவிளைவு மட்டும் கூடியது. கடைசியில் 2021 இல் அந்த நோய்க்கான அனுமதியையே கம்பனி அமெரிக்காவில் திருப்பிக் கொடுத்தது. புது மருந்து என்றால் நல்ல மருந்து என்று பொருள் இல்லை. ஆய்வு செய்வதே அது தெரியாததால் தான்.

ஆகவே மாமாவிடம், எலியிடம் யாரும் கையொப்பம் கேட்பதில்லை, எலி நாளைக்கு வர மாட்டேன் என்று சொல்லவும் முடியாது என்று சொல்லலாம். வாப்பா எந்த நாளிலும் காரணம் சொல்லாமலே விலகலாம். விலகினால் வழமையான சிகிச்சையை மறுக்கக் கூடாது. 1964 இல் வந்து பல தடவை திருத்தப்பட்ட ஹெல்சிங்கி பிரகடனத்தில் இருந்து பல நாட்டு விதிகள் வரை இது இருக்கிறது. மாமா சொல்வதில் ஒரு பங்கு உண்மையும் உண்டு. முதலாம் கட்ட ஆய்வு என்பது மருந்தின் அளவையும் ஆபத்தையும் கண்டுபிடிக்கத் தான். அதில் சேர்கிறவருக்கு நன்மை கிடைக்கலாம், ஆனால் ஆய்வின் நோக்கம் அது அல்ல. மூன்றாம் கட்டத்தில் வழமைச் சிகிச்சையோடு ஒப்பிடுவார்கள். எந்தக் கட்டம் என்று தெரியாமல் கையொப்பம் வைக்க வேண்டாம்.

காசு கேட்கிறவர் விஷயம். உண்மையான ஆய்வில் ஆய்வு மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்க மாட்டார்கள், இடத்துக்கும் முற்பணம் கிடையாது. ஆய்வுக்காக மட்டும் செய்யும் பரிசோதனைக்கும் பெரும்பாலும் அவர்களே பொறுப்பு. அந்த ஆளிடம் பதிவு எண் என்ன என்று கேளுங்கள். இந்தியப் பதிவு என்றால் சிடிஆர்ஐ என்று தொடங்கி ஆண்டு, மாதம், இலக்கம் வரும். அமெரிக்கப் பதிவு என்றால் என்சிடி, பிறகு 8 இலக்கம். நம் நாட்டுடையது எஸ்எல்சிடிஆர் என்று தொடங்கும். எண்ணைத் தந்தால் பதிவேட்டில் போட்டுப் பாருங்கள், அங்குள்ள தொடர்பு இலக்கத்துக்கு நீங்களே பேசுங்கள், அவர் தந்த இலக்கத்துக்கு அல்ல. எண் இல்லை, விரைவில் வரும் என்றால் பேச்சை அத்தோடு நிறுத்துங்கள். 'ஸ்டெம் செல் ஏற்றினால் எல்லாப் புற்றுநோயும் மாறும்' என்கிற கூட்டமும் இதே வழியால் தான் வரும்.

இந்தியாவுக்குப் போவதென்றால் வேலூர் சிஎம்சி, 1954 இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிறுவனம், மும்பை டாட்டா நினைவு வைத்தியசாலை ஆகியவற்றின் பெயர்களைப் பதிவேட்டில் பார்ப்பீர்கள். தமிழ்நாட்டு மையங்களில் நமக்கு ஒரு வசதி, ஒப்புதல் பத்திரமே தமிழில் கிடைக்கும். ஆனால் டிக்கெட் போடுமுன் எழுதிக் கேளுங்கள். வெளிநாட்டவரை எடுப்பார்களா என்பது பதிவில் வெளிப்படையாக இருக்காது. ஆய்வு முடியும் வரை வாரத்துக்கு ஒரு தரம் வரக்கூடியவரைத் தான் அவர்கள் விரும்புவார்கள், விசாக் காலமும் அதற்குப் போதுமானதாக இருக்க வேண்டும். மருத்துவ விசா வேறு, உல்லாசப் பயண விசா வேறு. கூடப் போகிறவருக்கும் தனி விசா வேண்டும்.

எழுதும் கடிதம் ஆங்கிலத்தில், பத்து வரிக்குள் இருக்கட்டும். குடும்பக் கதை வேண்டாம், அதை வாசிக்க அங்கே ஒருவருக்கும் நேரம் இருக்காது. இப்படி: 'ஐயா, 57 வயது ஆண், இலங்கை. நோய் இன்ன வகை, பயொப்சி இன்ன திகதி, சீடி30 இத்தனை வீதம். சொப் 6 சுற்று, தொடங்கிய திகதி, முடிந்த திகதி, முடிவில் ஸ்கேனில் நோய் இல்லை. திரும்பியது இன்ன மாதம், புதிய பயொப்சி எடுத்தாயிற்று அல்லது எடுக்கவில்லை. ஈகொக் 1. நீரிழிவு உண்டு, இந்தக் குளிசைகள். ஹெப்படைடிஸ் பி, எச்ஐவி முடிவு இது. உங்கள் இன்ன பதிவு எண் ஆய்வுக்கு இலங்கையரைச் சேர்ப்பீர்களா? சேர்ப்பதானால் நேரில் வருமுன் என்ன அனுப்ப வேண்டும்?' இதோடு ரிப்போர்ட்டை இணைத்து அனுப்புங்கள். மட்டக்களப்பு வைத்தியரின் பெயரையும் அவருடைய அனுமதியோடு சேர்த்தால் அவர்கள் அவரோடு நேரடியாகப் பேசுவார்கள். வைத்தியருக்குத் தெரியாமல் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர் கோபிப்பார் என்று பயம். கோபிக்க மாட்டார். ஆய்வுக்குப் போய் வந்தபின் வாப்பாவைப் பார்க்கப் போகிறவர் அவர் தான், அவரை விட்டுவிட்டு ஒன்றும் நடக்காது.

சேர்வதென்று வந்தால் ஒப்புதல் பத்திரத்தை வீட்டுக்குக் கொண்டு வந்து வாசிக்கக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. அதில் நான் முதலில் புரட்டுவது பாதிப்பு வந்தால் யார் பொறுப்பு என்ற பக்கம். இந்தியாவில் 2019 விதிகளின்படி ஆய்வில் ஏற்பட்ட பாதிப்புக்கு இலவச வைத்தியமும், ஆய்வினால் என்று உறுதியானால் நட்டஈடும் கொடுக்க வேண்டும். இங்கே 2015 ஆம் ஆண்டின் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் ஆய்வுக்கு அனுமதி பெற வேண்டும், ஆய்வு நெறிமுறைக் குழு வேறாகப் பார்க்கும். அடுத்தது, ஆய்வு முடிந்தபின் மருந்து வேலை செய்துகொண்டிருந்தால் தொடர்ந்து கிடைக்குமா. மூன்றாவது, சம்மாந்துறையில் இராத்திரி இரண்டு மணிக்குக் காய்ச்சல் 102 போனால் யாரைக் கூப்பிடுவது. இதற்கு எழுத்தில் பதில் வேண்டும். ஆய்வு மருந்தின் பெயர், ஆய்வு எண், 24 மணி நேர இலக்கம் எழுதிய அட்டை ஒன்று தருவார்கள். அதைக் கிளினிக் கொப்பியோடு வைத்து, வெளிநோயாளர் பிரிவில் முதலில் நீட்ட வேண்டியது அதுவே என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லி வையுங்கள்.

ஆய்வு கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எண்ண வேண்டாம். திரும்பி வந்த நோய்க்கு ஜெம்சிடபின் சேர்ந்த கீமோ போன்றவை உண்டு. அதில் அடங்கினால் எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை பற்றிப் பேசலாம், மஹரகமவில் அதற்கான பிரிவு இருக்கிறது. மச்சையை இன்னொருவரிடம் இருந்து எடுப்பதானால், கூடப்பிறந்தவர் ஒவ்வொருவருக்கும் மச்சை முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. நம் பக்கத்துப் பெரிய குடும்பங்களுக்கு இது ஒரு கொடுப்பினை. வாப்பாவுக்கு எத்தனை நானா, தம்பி, ராத்தா இருக்கிறார்கள் என்று இப்போதே வைத்தியரிடம் சொல்லுங்கள். செலவுக்கு ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவி இருக்கிறது, விண்ணப்பத்தைப் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம். சீடி30 பொசிட்டிவ் என்றால், அவருக்கு முதலில் கிடைக்காத பிரென்டுக்சிமாப்பை ஆய்வு இல்லாமலே பெற வழி உண்டா என்று கேட்பது எந்த ஆய்வைத் தேடுவதையும் விடப் பயனுள்ளதாக இருக்கலாம். விலை கூடிய மருந்து, ஆனாலும் கேட்க வேண்டிய கேள்வி.

அதனால் அந்த ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தை எடுத்துப் பாருங்கள் தம்பி. சீடி30 க்கு நேரே என்ன எழுதியிருக்கிறது, வீதம் போட்டிருக்கிறார்களா, ஏஎல்கே செய்திருக்கிறார்களா என்று எனக்கு எழுதுங்கள். வாப்பாவின் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் மறைத்துவிட்டு அனுப்பினால் போதும். அந்த வரி செய்யாமல் விடப்பட்டிருந்தால், புளொக்கில் இருந்து அதைச் செய்து தரும்படி திங்கட்கிழமை கிளினிக்கிலேயே கேளுங்கள்.